டிக்கெட் காசு யாருக்குப் போகிறது?

அன்புள்ள ஐயா,

மலையூர்களுக்குச் சுற்றுலா சோறு போடும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நான் பெரியகுளத்துக்காரன். கொடைக்கானலை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். மே மாதத்தில் ஏரியைச் சுற்றி நடக்கக்கூட இடம் கிடையாது. விடுதி முதலாளி எங்கோ நகரத்தில் இருக்கிறார், அறை கூட்டுகிறவர் மட்டும் உள்ளூர்க்காரர். தண்ணீர் லாரி விடுதிக்குள் போகிறது, பக்கத்துத் தெருவில் குடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. 'நீடித்த வளர்ச்சி' என்பதெல்லாம் கருத்தரங்கில் சமோசாவோடு பரிமாறுகிற சொல். சுற்றுலாவால் காடும் பிழைத்து, அங்கே இருந்தவனும் பிழைத்த ஊர் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவன் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்றும் சொல்லுங்கள்.

க., பெரியகுளம்

அன்புள்ள க.,

கொடைக்கானல் பற்றி நீங்கள் எழுதியதில் எதையும் மறுக்கப்போவதில்லை. நீங்கள் கேட்ட ஊர் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. தேக்கடி. குமுளிக் கடைத்தெருவையோ படகுத்துறைக் கூட்டத்தையோ சொல்லவில்லை. காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போகிறார்களே, அந்த ஆட்களைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு நாள் நடை போனேன். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டிவிட்டு, அதன்மேல் மூக்குப்பொடியைத் தூவினார்கள். வழிகாட்டிக்கு அறுபதை நெருங்கும் வயது, கூடலூர்ப் பக்கத்துத் தமிழ். ஓரிடத்தில் நின்று, கீழே கிடந்த இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பிரியாணி வாசனை. "இந்த மரத்துப் பட்டையத்தான் சார் திருடிக்கிட்டு இருந்தோம்" என்றார், முன்பு பார்த்த வேலையைச் சொல்வது போல.

அது வயண மரம், காட்டு இலவங்கம். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். உரித்தவர்கள் ஒன்றும் பணக்காரர் ஆகவில்லை. உயிரைப் பணயம் வைத்துச் சுமந்து வந்ததற்கு வியாபாரி வைத்ததுதான் விலை. பிடிபட்டால் வழக்கு, வழக்குச் செலவுக்கு மறுபடி பட்டை. 1990களின் பிற்பாதியில், உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வனத்துறை இவர்களில் 23 பேரோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. அவர்கள் கடத்தலை விட்டுவிட்டு வழிகளையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்க வேண்டும், துறை வழக்குகளைத் திரும்பப் பெறும். அப்புறம் பிழைப்புக்கு? காட்டில் இரவு தங்கி நடக்கும் பயணம் ஒன்றைத் தொடங்கி, அதை அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு நடையில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான் கூட்டிப்போவார்கள். வருமானத்தில் அவர்களுக்குச் சம்பளம், மிச்சம் பொது நிதிக்கு. புலியைக் காட்டுகிற அதே நடைதான் ரோந்தும். திருடன் வருகிற வழி திருடியவனுக்குத்தானே தெரியும்.

அங்குள்ள பழங்குடிகளான மன்னான், பளியர் கதை வேறு. மிளகு காய்க்கும் முன்பே அது வியாபாரியிடம் அடகில் இருக்கும். அவர்களுக்கும் குழு அமைத்துக் கடனைத் தீர்த்து, மிளகை நேரடியாக விற்க வழி செய்தார்கள். ஊர்ப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் கூலி வாங்காமல் காட்டை ரோந்து சுற்றுகிறார்கள். காட்டினால் தன் வீட்டுக்கு ஏதோ வருகிறது என்று தெரியாமல் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடந்தது. திட்டம் முடிந்தால் பணம் நிற்கும், பணம் நின்றால் ஆட்கள் பழைய தொழிலுக்குப் போவார்கள். நம் நாட்டில் பெரும்பாலான திட்டங்களின் கதை இதுதான். தேக்கடிக் காடு அடங்கிய பெரியார் புலிகள் காப்பகத்தில் 2004இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, வருகிறவர்களிடம் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைக் கூடுதலாக வாங்கி அதில் போட்டார்கள். பணம் அரசுக் கருவூலத்துக்குப் போய்த் திரும்பி வரக் காத்திருக்க வேண்டியதில்லை. புலிகள் காப்பகங்களுக்கு இப்படி அறக்கட்டளை வேண்டும் என்று 2006இல் வனவிலங்குச் சட்டத்திலேயே திருத்தம் வந்தது.

கொடைக்கானலில் இல்லாதது இந்த ஏற்பாடுதான். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் வண்டியை எண்ணினால் நெரிசல் குறையும், அவ்வளவுதான். குடத்தோடு நிற்கிற பெண்ணுக்கு அந்த வண்டியால் என்ன வருகிறது என்று அந்த பாஸ் கேட்பதில்லை.

"அப்படியானால் கட்டணத்தை ஏற்றிவிடலாமே, பூடான் மாதிரி" என்று யாராவது சொல்வார்கள். அங்கே நடந்ததையும் பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் 2022 செப்டம்பரில் நாட்டைத் திறந்தபோது, வெளிநாட்டவர் ஒரு இரவுக்குக் கட்ட வேண்டிய நீடித்த வளர்ச்சிக் கட்டணத்தை 65 டாலரிலிருந்து 200 டாலராக்கினார்கள். ஒரே வருடத்தில் அதைப் பாதியாக, 100 டாலராகக் குறைக்க வேண்டியதாயிற்று. விடுதிக்காரரும் வழிகாட்டியும் ஆள் வராமல் உட்கார்ந்திருந்தால், கட்டணம் எவ்வளவு உயர்ந்த நோக்கத்துக்கு என்றாலும் தாங்காது. இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு 1200 ரூபாய்தான். அதற்கே நம் ஆட்கள் முனகுகிறார்கள், அது கிடக்கட்டும்.

தேக்கடியை மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. 23 பேர் என்பது சின்ன எண். குமுளியின் விடுதிகளில் கணிசமானவை இந்தக் கணக்குக்கு வெளியேதான். 2020இல் ஊரடங்கு வந்தபோது இந்தப் பிழைப்பும் அப்படியே நின்றது. சுற்றுலா தொட்டுக்கொள்ள உதவும், சோறாகாது. சென்ற வாரம் "சோறு போடும்" என்று எழுதியது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வழிகாட்டியிடம் நானும் கேட்டேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். ஒருமுறை இந்த வேலைக்குக் கூட்டிவந்து பார்த்திருக்கிறார். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. "காட்டுக்குள்ள சிக்னல் இல்லைங்கறான் சார்" என்றவர், சற்றுப் பொறுத்துக் குனிந்து என் உறையில் ஊர்ந்த அட்டையைச் சுண்டிவிட்டு, "மகளுக்குத்தான் ஆசை. பொம்பளப்பிள்ளைய எடுப்பாங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.