வை.மு.கோ. நாவல்கள்: முதற்பதிப்பைக் கண்டுபிடிப்பதும் மழைக்காலத்தில் காப்பதும்

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் பாட்டியின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே வை.மு.கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் நான்கு, ‘ஜகன்மோகினி’ இதழ்கள் இருபது இருக்கும். சிலவற்றுக்கு அட்டை இல்லை. சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கிறது. இதையே ஆரம்பமாக வைத்து அவருடைய புத்தகங்களையும் அவர் தொடர்பான பொருள்களையும் சேர்க்கலாம் என்று ஆசை. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் வேறு இரண்டு நாவல்களைக் காட்டி, “முதல் பதிப்பு” என்று விலை சொல்கிறார். எப்படி நம்புவது? என்னிடம் இருப்பதை பைண்டிங் செய்துவிடலாமா? ஐப்பசி வந்தால் வீடே ஓதம் காக்கிறதே, என்ன செய்வது?

பதில்: பைண்டிங் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பைண்டிங்குக்கு இப்போது கொடுக்காதீர்கள். நம் ஊர் பைண்டர் கெட்டியாகத்தான் கட்டுவார். ஆனால் முதலில் மேலட்டையைக் கிழித்துப் போடுவார், விளம்பரப் பக்கங்களைக் கழிப்பார், கம்பியைப் பிடுங்கிவிட்டு முதுகோரம் துளை போட்டுத் தைப்பார், கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார். உங்களுக்குக் கிடைப்பது காலிகோ முதுகோடு அழகான ஒரு புத்தகம். போவது ஆண்டு, விலை, மலர் எண், பதிப்பு விவரம் எல்லாம். இந்த வகைப் புத்தகத்தில் கதையைவிட அரிதானவை அவைதாம். கதை எப்படியும் கிடைக்கும்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நாவல்கள் நிறைய ஸ்கேன் செய்து கிடக்கின்றன. ஆசிரியர் மறைந்தது 1960இல் என்பதால், 60 ஆண்டுக் காப்புரிமைக் கணக்கும் 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. படிக்க மட்டும் என்றால் ஒரு பழைய பிரதிக்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையே இல்லை.

யாருடையதைச் சேர்க்கிறோம் என்ற ஓர் அளவு முதலில் வேண்டும். கோதைநாயகி அம்மாள் பிறந்தது 1901. 1924இல் ‘இந்திர மோகனா’ நாடகம். அடுத்த ஆண்டு நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’யை எடுத்து நடத்தத் தொடங்கி, அதில் ‘வைதேகி’யைத் தொடராக வெளியிட்டார். அந்த முயற்சிக்குத் துணை நின்றவர் உங்கள் ஜில்லாக்காரர், மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவருடைய ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ போன்றவையும் டெல்டா வீட்டுப் பரண்களில் இவற்றோடு கலந்தே கிடக்கும், ஒதுக்கிவிடாதீர்கள். வை.மு.கோ. எழுதிய நாவல்கள் 115 என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனையையும் சேர்க்கப் புறப்பட்டால் பணமும் போகும், பொறுமையும் போகும். 1925இலிருந்து 1935 வரை வந்தவை மட்டும், அல்லது இதழ்கள் மட்டும், அல்லது சினிமாவான நாவல்கள் மட்டும் என்று ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் யோசனை, இதழ்களைப் பிடியுங்கள் என்பதே. நாவலை வீட்டில் வைத்தார்கள், மாத இதழை எடைக்குப் போட்டார்கள். அதனால் தொடர்ச்சியாக ஓர் ஆண்டு இதழ்கள் சேர்ந்தாலே அது பெரிய விஷயம்.

இனி “முதல் பதிப்பு” விவகாரம். பழைய தாள், அணா விலை இரண்டையும் காட்டி முதற்பதிப்பு என்பது கடைகளில் நடக்கும் வழக்கமான பேச்சு. அணா விலை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முன் அச்சானது. 1926ஆகவும் இருக்கலாம், 1954இல் வந்த நான்காம் பதிப்பாகவும் இருக்கலாம். ‘ந.பை.’ என்று நயா பைசாவில் விலை இருந்தால் 1957க்குப் பின், 1964 வாக்கில் முடியும். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பின். ‘ணை, லை, னை’ ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இல்லாமல் இன்றைய வடிவத்தில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய அச்சு. இதற்கு அப்பீலே கிடையாது.

ஆண்டு பல சமயம் தமிழ் வருஷப் பெயரில்தான் இருக்கும். குரோதன 1925–26, அட்சய 1926–27, பிரபவ 1927–28, விபவ 1928–29 என்று போகும். சித்திரையில் வருஷம் மாறுவதால் மாதத்தையும் பாருங்கள். ‘பிரபவ கார்த்திகை’ என்றால் 1927. ‘பிரபவ மாசி’ என்றால் 1928. பலர் இங்கேதான் ஒரு வருஷம் தவறவிடுகிறார்கள்.

அன்று அமலில் இருந்த 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அச்சிட்டவர் பெயரும் இடமும் வெளியிட்டவர் பெயரும் புத்தகத்தில் இருந்தாக வேண்டியிருந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். இல்லையென்றால் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இரண்டு இடத்திலும் இல்லை என்றால் ஏதோ ஒரு தாள் போயிருக்கிறது என்று பொருள். ‘இரண்டாம் பதிப்பு’ என்று போட்டிருக்கும் தாளை யாராவது வசதியாகக் கிழித்திருக்கவும் கூடும். தலைப்புத் தாள் இல்லாத பிரதியை முதற்பதிப்பு விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள், முகவுரைத் தேதி எவ்வளவு பழையதாக இருந்தாலும். முகவுரையை மறுபதிப்பிலும் அப்படியே விடுவார்கள்.

அடுத்தது, முழுசாக இருக்கிறதா என்பது. பக்க எண்ணை மட்டும் நம்பாமல் ஃபாரத்தை, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டுகளை, எண்ணுங்கள். பக்கத்தின் அடியோரத்தில், இடைவெளி விட்டுத் தனியாக ஒரு சின்ன எண் நிற்கும். 16 பக்க ஃபாரம் என்றால் 1, 17, 33, 49ஆம் பக்கங்களின் அடியில் 1, 2, 3, 4 என்று வரும். 8 பக்க ஃபாரம் என்றால் 1, 9, 17, 25. வரிசையில் ஒன்று விட்டிருந்தால் நடுவில் ஒரு கட்டே உதிர்ந்திருக்கிறது. பூச்சி அரித்த ஓட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபாரம் போனதைப் பொறுக்க முடியாது. இன்னொன்று: வீட்டில் யாரோ தொடர்கதைப் பக்கங்களை இதழிலிருந்து கழற்றித் தைத்து ‘நாவல்’ ஆக்கியிருப்பார்கள். பக்கத் தலைப்பில் இதழின் பெயர் இருக்கும், பின்பக்கத்தில் மருந்து விளம்பரம் எட்டிப் பார்க்கும், பக்க எண் தாவித் தாவிப் போகும். அது போலி அல்ல, அந்தக் கால வாசகியின் கைவேலை. எங்களுக்குப் பிடித்த வகை. ஆனால் அதை நூல் பதிப்பு என்று விற்பது தவறு.

கடைக்காரர் காட்டும் இரண்டு புத்தகங்களின் தலைப்புத் தாள், கடைசித் தாள், மேலட்டை உள்பக்கம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. முதற்பதிப்புகளுக்குப் பெயர் போன நூலகம். முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. தேடும்போது கோதைநாயகி அம்மாள், கோதைநாயகியம்மாள், வை.மு.கோ., ஜகன்மோகினி, ஜகன்மோஹினி, ஜெகன்மோகினி என்று எல்லா எழுத்திலும் தேடுங்கள். இணையத்தில் தேடினால் 1978இல் வந்த பேய்ப் படம்தான் முதலில் வந்து நிற்கும். பயப்படாமல் கீழே போங்கள்.

விலை பற்றி: இதற்கு மார்க்கெட் ரேட் என்று ஒன்று கிடையாது. தலைப்புத் தாள், மேலட்டை, முழு ஃபாரங்கள் மூன்றும் இருந்தால் பேரம் பேசலாம். ஒன்று குறைந்தால் சொன்ன விலையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். இரண்டு குறைந்தால் எடைக்கு வாங்கும் புத்தகம் அது.

எங்கே தேடுவது? சென்னைத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளை எல்லாரும் சலித்துவிட்டார்கள். டெல்டாவில் உங்களுக்குக் கை கொடுப்பவை அக்ரகாரத்து வீடுகளும் பழைய பேப்பர் கடைகளும்தாம். வீடு விற்கும்போது, இடிக்கும்போது, முக்கியமாக மார்கழிக் கடைசியில் பரண் காலியாகும். போகிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் ஊர் பேப்பர் கடைக்காரரிடமும் வீடு இடிக்கும் மேஸ்திரியிடமும் சொல்லி வையுங்கள். “பழைய புஸ்தகம்” என்று சொன்னால் பாடப் புத்தகத்தை எடுத்து வைப்பார். ஓர் இதழின் அட்டைப் படத்தை போனில் காட்டுங்கள். நூலக முத்திரை இருந்தால், கழிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

புத்தகம் தவிர மற்றப் பொருள்களில் எங்கள் முதல் தேர்வு, அவர் நாவல்களிலிருந்து வந்த படங்களின் பாட்டுப் புத்தகங்கள். ‘ராஜமோகன்’ (1937), ‘அனாதைப் பெண்’ (1938), ‘தயாநிதி’ நாவலிலிருந்து எடுத்த ‘சித்தி’ (1966) ஆகியவற்றின் பாட்டுப் புத்தகங்களைத் தேடலாம். மெல்லிய தாள், கதைச் சுருக்கத்தில் மூலக்கதை யாருடையது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதழ் வந்த தபால் உறையும் நல்ல பொருள். சந்தாதாரர் முகவரி, அஞ்சல் முத்திரைத் தேதி இரண்டும் சேர்ந்தால், அந்த இதழ் தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தத் தெருவரை போயிற்று என்று தெரியும். உறையிலிருந்து தபால் தலையை வெட்டி எடுத்துவிடாதீர்கள். கையெழுத்துக் கடிதம் என்று வந்தால் மட்டும் நிதானம்: மை, தாள், முகவரி, தேதி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். இலக்கிய மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டு கடந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டாலும் தனியார் அதை அனுப்பக் கூடாது.

இப்போது உங்கள் டிரங்குப் பெட்டி. பூச்சி அரித்தவற்றை உடனே பிரித்து வையுங்கள். ராமபாணப் பூச்சி தாளின் மேல்புறத்தைச் சுரண்டும். வண்டுப் புழு ஊசி குத்தினாற்போல நெடுக ஓட்டை போடும். ஓட்டையிலிருந்து மாவு உதிர்ந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அந்தப் புத்தகம் காய்ந்த நிலையில்தான் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பாலிதீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் தாள் மேலேயே வேர்த்துவிடும்.

இதழ்களின் கம்பி துருப்பிடித்திருந்தால், நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரு முனைகளையும் மெல்லிய மூங்கில் சிராயால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே எடுங்கள். குறட்டால் இழுத்தால் துருவோடு தாளும் வரும். பிறகு அதே துளைகள் வழியாகப் பருத்தி நூலால் தளர்வாகத் தையுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் கூடாது, ஃபெவிகால் கூடாது, லேமினேஷன் நினைக்கவே கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. 100 மில்லி தண்ணீரில் 2 அல்லது 3 கிராம் சி.எம்.சி. (கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ்) தூள் கலந்து ஓர் இரவு ஊறவைத்த பசையும், ஜப்பானிய டிஷ்யூத் தாளும் போதும். அதையும் மதிப்பில்லாத பழைய தாளில் பழகிவிட்டுச் செய்யுங்கள். முதல் பக்கத்தில் பாட்டி வைத்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருக்கட்டும்.

மழைக்காலத்துக்கு: பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வையுங்கள். ஆற்றங்கரை வீடுகளில் ஓதம் சுவர் வழியாகத்தான் ஏறும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது, 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும். காற்றுப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்குச் சுமார் 400 கிராம் சிலிக்கா ஜெல் வேண்டும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும். ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறியதும் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். ஈரம் உள்ள புத்தகத்தை மட்டும் இந்தப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், நாமே பூஞ்சணத்தை வளர்த்த கணக்காகிவிடும். பாச்சை உருண்டையைத் தாளில் படும்படி போடக் கூடாது. படுக்கையறையில் இருக்கும் பெட்டி என்றால் போடவே வேண்டாம். அது கரையானையும் தடுக்காது. வேப்பிலை, வசம்பு போடுகிறவர்கள் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டு வரும். காற்றாட எடுத்து வைக்கப் பங்குனியும் சித்திரையும் சரியான மாதங்கள், நிழலில். மார்கழி, தை வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலைப் பனி இறங்கியபடி இருக்கும்.

ஒவ்வொரு பிரதிக்கும் பென்சிலால் எண் போட்டு, தலைப்பு, வருஷம், பதிப்பு, ஃபாரங்கள், குறை, எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா புத்தகத்தின் பக்கத்திலேயே வரக் கூடாது. அந்த இருபது இதழ்களின் மலர் எண்ணும் இதழ் எண்ணும் எழுதி முடித்த பிறகு எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பட்டியலோடு கடைக்காரரிடம் போங்கள்.