நாயிடம் தப்பிய கோழியைப் பிழைக்க வைப்பது: கேள்வி பதில்

நாய், பூனை, கீரி ஆகியவற்றின் வாயிலிருந்து தப்பிய வீட்டுக்கோழிகளைப் பற்றிச் சிலர் கேட்டவற்றுக்கு, கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி: சற்று முன்பு தெருநாய் ஒன்று என் பெட்டைக்கோழியை முதுகில் கவ்விவிட்டது. விரட்டி மீட்டுவிட்டோம். கோழி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாயில் தண்ணீர் ஊற்றினாலும் விழுங்கவில்லை. என்ன செய்வது ஐயா?

வாயில் தண்ணீர் ஊற்றுவதை முதலில் நிறுத்திவிடுங்கள், அம்மா. கோழியின் நாக்கிற்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழலின் துளை இருக்கிறது. சோர்ந்து கிடக்கும் கோழிக்கு ஊற்றும் தண்ணீர் அதன் வழியே நுரையீரலுக்குப் போய்விட்டால், நாய் விட்டுவைத்த உயிரை நாமே எடுத்துவிடுவோம். தாகம் தெரிந்தால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வையுங்கள். அது விழுங்கினால் மட்டும் அடுத்த துளி.

இப்போது அதற்கு வேண்டியவை வெப்பம், இருட்டு, அமைதி ஆகிய மூன்றுதான். நலமாக இருக்கும் கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அதிர்ச்சியில் அது சரசரவென்று இறங்கும். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வைத்தால், சூடு கூடும்போது கோழி தானே விலகிக்கொள்ளும். ரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்கக் கூடாது. ஒன்றரைக் கிலோ கோழியின் உடலில் மொத்தமே 100 மில்லி அளவு ரத்தந்தான் இருக்கிறது. தூக்கும்போது மார்பை இறுக்க வேண்டாம். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும். தானாக எழுந்து நின்ற பிறகு ஓ.ஆர்.எஸ். கரைத்த தண்ணீரும், அதைக் குடித்த பிறகு நனைத்த கம்பும் கொடுக்கலாம்.

மேலூரிலிருந்து ஒருவர்: பூனை பிடித்ததில் கொஞ்சம் இறகு உதிர்ந்ததே தவிர, காயம் எதுவும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. நான் அதிகமாக இழந்தவை இத்தகைய கோழிகளைத்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு என் கருங்கோழி ஒன்று பூனையிடம் தப்பி வந்து, அன்று மாலையே கேழ்வரகு கொத்தித் தின்றதால் நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியபோது விறைத்துக் கிடந்தது. அதன் இறக்கையின் அடியில் மிளகு அளவில் இரண்டு துளைகள் இருந்தன, அவ்வளவுதான். பூனையின் பல் ஊசியைப் போன்றது. அதன் வாயில் இருக்கும் கிருமிகளை ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வர, தோல் மூடிக்கொள்கிறது. ஆகவே பூனைக்கடி என்றால், கோழி துள்ளி ஓடினாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும்.

காயத்தைத் தேட எளிய வழி, இறகுகளை எதிர்த்திசையில் வாயால் ஊதுவது. இறகு பிரிந்து தோல் வெள்ளையாகத் தெரியும். வாலடி, இறக்கையடி, தொடையின் உட்புறம் என்று விரல் அளவு இடமும் விடாமல் ஊதிப் பாருங்கள். தோலுக்கு அடியில் காற்று நிறைந்து, தொட்டால் நொறுநொறுவென்று இருந்தால், நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று பொருள். கழுத்தடிக் காயத்தின் வழியே தின்ற தீனியோ குடித்த தண்ணீரோ வந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. அதைத் தைத்தே ஆக வேண்டும். கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் கால்நடை உதவிக்கான 1962 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

அதே அன்பர்: காயத்தை எதைக் கொண்டு கழுவுவது? மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதாதா?

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, ஊசி மாட்டாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். பின்பு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்த்துத் தடவலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் நமக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே அரிக்கிறது. மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. இருப்பினும் குழியான காயத்தில் பொடியை அப்பினால் அது கட்டிப்பட்டு, உள்ளே சீழ் கட்டுவதை மறைத்துவிடும். ஈ மொய்க்காமல் இருக்கக் காயத்தின் ஓரங்களில் மட்டும் வேப்பெண்ணெய் பூசுங்கள்.

மணப்பாறையிலிருந்து ஓர் அம்மா: புழு வைத்துவிட்டால்?

ஈ முட்டைகள் ரவையைப் போல இறகின் அடியில் ஒட்டியிருக்கும். ஒரே நாளில் பொரித்துவிடும். முட்டையையும் புழுவையும் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீரால் திரும்பத் திரும்பப் பீய்ச்சுங்கள். மாட்டுப் புண்ணுக்கு டர்பென்டைன் ஊற்றிய பழக்கத்தில் கோழிக்கும் ஊற்றுகிறார்கள். இந்த மெல்லிய தோல் அதைத் தாங்காது.

அவரே: மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றிப் பச்சை நிறமாகிவிட்டது. அழுகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, அஞ்ச வேண்டாம். நமக்குக் கன்றிய இடம் நீலமாகிப் பிறகு மஞ்சளாகும். கோழிக்கோ, ரத்தம் சிதைந்து உண்டாகும் பச்சை நிறப்பொருளை மேலும் மாற்றும் நொதி இல்லாததால் பச்சையாகவே தெரியும். நாற்றமும், தொட்டால் குளிர்ச்சியும், கறுத்த ஈரமும் இருந்தால்தான் அழுகல். கோழியின் சீழ் நீராக வடியாமல் பாலாடைக்கட்டியைப் போல இறுகிக்கொள்ளும் என்பதால், சீழ் வடியவில்லை என்று தைரியமாக இருந்துவிட வேண்டாம். கையால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர்: நாய் கடித்த கோழியைத் தொட்டதால் எங்களுக்கு வெறிநோய் வருமா? அதன் முட்டையைச் சாப்பிடலாமா?

கோழிக்கு வெறிநோய் வருவது மிகமிக அரிது. கவலைப்பட வேண்டியது, இறகில் இருக்கும் நாயின் ஈர எச்சில் உங்கள் கையிலுள்ள கீறலில் படுவதைப் பற்றித்தான். அப்படிப் பட்டாலோ, விலக்கும்போது நாய் உங்களையே கடித்திருந்தாலோ, சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி குறித்துக் கேளுங்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், முடிந்த பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் முட்டையை உண்ண வேண்டாம்.

கடைசியாக, தென்காசியிலிருந்து ஒருவர்: எப்போது மற்ற கோழிகளுடன் விடலாம்? கீரிக்குப் பொறி வைக்கலாமா?

காயத்தின் சிவப்பு முற்றிலும் மறையும்வரை விடக் கூடாது. கூட்டாளிகளே கொத்திக் குடலை இழுத்துவிடும். அதற்காகக் கண்ணிலிருந்து மறைத்தும் வைக்காதீர்கள், திரும்பிச் செல்லும்போது அந்நியக் கோழியாக நினைத்துச் சண்டை பிடிக்கும். கம்பிக் கூண்டில் வைத்து மற்றவற்றின் நடுவே வைத்திருங்கள். கீரியைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒருமுறை ருசி கண்ட விலங்கு மீண்டும் வரும் என்பதால், இன்றிரவே கூட்டைப் பாருங்கள்: அறுகோண வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்ற பற்றவைத்த கம்பிவலையை அடித்து, அதன் அடிப்பகுதியை ஓர் அடி அகலத்திற்கு வெளிப்புறமாக மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால், சுவரோரம் தோண்டும் விலங்கின் கால் கம்பியில்தான் படும்.