சுவிஸில் அறுநூறு பேர் உள்ள, பிரெஞ்சு பேசும் கிராமத்தில் போய் இருக்க முடியுமா?

உங்களுக்கு அப்படியொரு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, சூரிச் சொந்தக்காரர்கள் "அது காடு, பைத்தியம் பிடிக்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். அப்படித்தானே? எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

நான் லா பிரேவினில் மூன்று குளிர்காலம் இருந்தேன். நெஷாத்தெல் மாநிலம், யூரா மலை, பிரான்ஸ் எல்லையோரம். பரப்பு கிட்டத்தட்ட 42 சதுர கிலோமீற்றர், ஆட்கள் அறுநூறு சொச்சம். நடுவில் தேவாலயமும் கொஞ்ச வீடுகளும். மிச்சப் பேர் பள்ளத்தாக்கு நெடுகப் பால் பண்ணைகளில். அயல்வீடு என்பது புல்வெளிக்கு அந்தப் பக்கம் தெரியும் ஒரு வெளிச்சம். கடையிலும் கந்தோரிலும் பிரெஞ்சுதான். ஜெர்மனை நம்பிப் போகாதீர்கள்.

குளிர்? 1987 ஜனவரி 12 அன்று மைனஸ் 41.8 பாகை. சுவிஸில் குடியிருப்புள்ள இடமொன்றில் பதிவானதில் இதுதான் ஆகக் குறைவு. உயரம்தான் காரணம் என்று திருத்த வராதீர்கள். இதைவிட உயரத்தில் எத்தனையோ ஊர்கள் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு தாச்சி மாதிரி. தெளிந்த இரவில் கனத்த குளிர்காற்று அடியில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும்.

2012 பெப்ரவரியில் ஒரு விடியற்காலை என் வான் வண்டியில் டீசல் உறைந்து, பண்ணைப் பாதையில் நின்றுவிட்டேன். பெயர் தெரியாத ஒரு கிழவர் டிராக்டரில் வந்தார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அடுக்களையில் இருத்திக் கோப்பி தந்துவிட்டு, "நீ மேல்வீட்டு வாடகைக்காரன்தானே, நேற்று ஏன் லைட் எரியவில்லை?" என்றார். இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற மனிதர்! இதைக் கண்காணிப்பு என்பவர்கள் உண்டு. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

அவரிடம்தான் ஊருக்குப் பக்கத்திலுள்ள தையேர் ஏரியின் சங்கதி கேட்டேன். ஏரி நீர் ஆறாக ஓடாதாம். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, மலைக்கு அந்தப் பக்கம் சென்-சுல்ப்பீஸில் அரூஸ் ஆறாகக் கிளம்புமாம். எங்கள் யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல்தான், அங்கேயும் மழைநீர் நிலத்துக்குள்தான் போகும் என்று நிலாவரைக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். என் ஓட்டைப் பிரெஞ்சில் எவ்வளவு விளங்கியதோ, "அப்ப நீயும் எங்கள் ஆள்" என்றார்.

சூரிச் ஆட்களோ, ஐந்து மணிக்குக் கலியாணம் என்று அட்டை அடித்து எட்டரைக்கு மாப்பிள்ளையைக் கூட்டி வருவார்கள். கடைசி ரயிலைப் பிடிக்க நான் சாப்பிடாமல் எழும்பினால், "மலைக்குப் போய்ப் பழக்கம் கெட்டுப் போச்சு" என்று பேச்சு வேறு. சரி, அதை விடுங்கள்.

கார் இல்லாமல் போகாதீர்கள். டீசல் என்றால் குளிர்கால டீசல்தானா என்று கேட்டு அடியுங்கள். இரவில் லைட்டைப் போட்டு வையுங்கள்.