ஹேப்பி ஹவர் முடிய இன்னும் பத்து நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

மாலையில் சில மணி நேரம் மட்டும் மதுவை விலை குறைத்து விற்கும் பார்களின் சலுகை நேரம் (ஹேப்பி ஹவர்), அதைச் சுற்றியுள்ள சட்டங்கள், பார் போன்ற இரவு நேர வியாபாரம் எந்தப் பக்கம் போகிறது என்பது பற்றியெல்லாம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

துணிக்கடைக்காரர் தள்ளுபடி போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பார்க்காரர் இரண்டு மணி நேரம் விலையைக் குறைத்தால் மட்டும் ஏன் சட்டம் குறுக்கே வருகிறது?
_ஹோட்டல் மேலாண்மை மாணவி_

விலை குறைவதோடு கடிகாரமும் சேர்ந்துகொள்கிறதே, அங்கேதான் சிக்கல். ஹேப்பி ஹவர் ஏழு மணிக்கு முடிகிறது என்றால் ஆறு ஐம்பதுக்கு கவுண்டர் பக்கம் நின்று பாருங்கள். கையில் இருக்கும் கிளாஸ் பாதிகூடக் காலியாகாத ஒருவர் இன்னும் இரண்டு சொல்வார், கூட வந்தவர் "எனக்கும் சேர்த்து வாங்கிடு" என்பார், பில் மெஷினிலிருந்து தாள் வந்துகொண்டே இருக்கும், பார்டெண்டருக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ஏழு மணிக்கு அந்த மேஜையில் ஆளுக்கு மூன்று கிளாஸ் நிற்கும். காசு கொடுத்தாயிற்று, கொட்ட மனம் வராது, ஐஸ் கரைவதற்குள் குடித்தும் விடுவார்கள். உடம்போ ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு சிறிய பெக் அளவு மதுவைத்தான் கழிக்கும். மீதி ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், கடைசி வாய் குடித்து அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். பல பேர் சாவியைத் தேடி எடுத்து வண்டியில் உட்காருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் விடப் பெரிய சாட்சி கிடையாது. முதல் உலகப் போர்க் காலத்தில், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் 1916-ல், நியூசிலாந்தில் 1917-ல், பார்களை மாலை ஆறு மணிக்கே மூட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆண்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேரட்டும் என்பதுதான் எண்ணம், நல்ல எண்ணம்தான். ஆனால் வேலை ஐந்து மணிக்கு முடியும். ஆக, ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் உள்ளே தள்ளுகிற பழக்கம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று பில்லியர்ட்ஸ் மேஜைகளை எடுத்தார்கள், கழுவி விட வசதியாகச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், நீண்ட குழாயை இழுத்துக்கொண்டே போய் வரிசையாக நீட்டிய கிளாஸ்களில் பீரைப் பீய்ச்சினார்கள். இது ஒரு வருடம் இரண்டு வருடம் நடக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் 1955 வரை, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1967 வரை நடந்தது. அங்கே யாரும் விலையைக் குறைக்கவில்லை. நேரத்தைச் சுருக்கினார்கள், அவ்வளவுதான், அதற்கே இந்த நிலை. நேரமும் சுருங்கி விலையும் பாதியானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சலுகை நேரத்துக்கு எதிரான சட்டங்களின் பின்னால் பெரும்பாலும் சாலை மரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1983-ல் ஒரு இளம்பெண், உணவகப் போட்டி ஒன்றில் பரிசாக வந்த பீரை நண்பர்களோடு குடித்த பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருடமே, 1984-ல், அந்த மாநிலம் ஹேப்பி ஹவரைத் தடை செய்தது. தொகையைக் கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் குடிப்பது, குடிப்போட்டி, ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கொடுப்பது எல்லாம் அதோடு சேர்ந்து போயின. அந்தத் தடை இன்றும் இருக்கிறது.

அயர்லாந்து வேறு வழியில் போனது. 2003-லிருந்து அங்கே நாளின் ஒரு பகுதிக்கு மட்டும் விலையைக் குறைக்க முடியாது, குறைத்தால் நாள் முழுக்க அதே விலைதான். ஸ்காட்லாந்து 2009-ல் இதையே இன்னும் கொஞ்சம் நீட்டி, விலையை மாற்றினால் குறைந்தது 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றது. என்னைக் கேட்டால் இந்த இரண்டும்தான் மிகத் தெளிவாக யோசித்த சட்டங்கள். மலிவாக விற்பதா வேண்டாமா என்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, அந்தக் கடைசிப் பத்து நிமிட ஓட்டத்தை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

ஹேப்பி ஹவர் எங்கே ஆரம்பித்தது?
_பல வாசகர்கள்_

1910-களில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில். மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் மாலுமிகளுக்காகக் குத்துச்சண்டை, பாட்டு, நடனம், சினிமா என்று வாரத்தில் சில மாலைகளை ஒதுக்கினார்கள். மதுவோடு ஒட்டிக்கொண்டதெல்லாம் பிற்பாடுதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, சாப்பாட்டுக்கு முன் திருட்டுத்தனமாகக் கூடிக் குடிக்கிற வழக்கம் வந்தது. அப்புறம் பார்காரர்கள் அதை வியாபாரமாக எடுத்துக்கொண்டார்கள்.

தடை செய்த இடங்களே இப்போது திரும்ப அனுமதிக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். நானும் தொடங்கலாம் என்று இருக்கிறேன். லாபம் வருமா?
_சிறிய பார் நடத்துபவர்_

கேள்விப்பட்டது சரிதான். அமெரிக்க மாநிலங்களில் கான்சாஸ் 2012-ல், இல்லினாய் 2015-ல், இண்டியானா 2024 ஜூலையில் தடையை நீக்கின. ஆனால் கதவை முழுக்கத் திறந்துவிடவில்லை. இண்டியானாவில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 15 மணி நேரம்தான் சலுகை, இரவு 9 மணிக்கு மேல் கூடவே கூடாது. இல்லினாயிலும் அதே 4, அதே 15, அங்கே இரவு 10 மணி எல்லை. குடித்த மனிதன் இரவு எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறானோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடுகிறது, அதனால்தான் பின்னிரவை மட்டும் இவ்வளவு கறாராக மூடி வைத்திருக்கிறார்கள்.

லாபக் கணக்குக்கு வருவோம். ஒரு காக்டெயிலை 100-க்கு விற்கிறீர்கள், சரக்குச் செலவு 20 என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 80. பாதி விலை போட்டால் 50 வரும், செலவு அதே 20, நிற்பது 30. பழைய 80-ஐ எடுக்க இரண்டரை கிளாஸுக்கு மேல் விற்றாக வேண்டும். அதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது: இரண்டரை மடங்குக்கு மேல் ஆட்கள் வர வேண்டும், இல்லாவிட்டால் வந்த ஆளே இரண்டரை மடங்குக்கு மேல் குடிக்க வேண்டும். முதலாவது நடந்தால் நல்லது. இரண்டாவதை நம்பிக் கடையை நடத்துகிறவர், மற்றவர் உடம்பைப் பணயம் வைத்து நடத்துகிறார் என்றுதான் சொல்வேன்.

அதனால் மதுவில் கொஞ்சமாகக் குறைத்து, சாப்பாட்டில் தாராளமாகக் குறையுங்கள். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மது ரத்தத்தில் ஏறுவது மெதுவாகும். அந்த மந்தமான மாலையில் சமையலறையும் சும்மா நிற்காது, சாப்பிட உட்கார்ந்தவர் ஏழு மணிக்கு எழுந்து ஓடவும் மாட்டார். பிரான்ஸில் 2009-லிருந்து ஒரு நல்ல விதி இருக்கிறது: சலுகை நேரத்தில் மதுவின் விலையைக் குறைத்தால் மது இல்லாத பானங்களையும் குறைந்த விலைக்குத் தர வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் இதை நீங்களாகவே செய்யுங்கள். நான்கு பேர் சேர்ந்து வரும் குழுவில் வண்டி ஓட்டப் போகிறவர் ஒருவர் இருப்பார், முழு விலை கொடுத்து ஜூஸ் குடிக்க வேண்டியவர் அவர் மட்டும் என்றால் அடுத்த முறை அந்தக் குழு வேறு இடம் தேடும்.

"பெண்களுக்கு இன்று இலவசம்" என்று போடுகிறார்களே, இது சலுகையா?
_ஒரு வாசகி_

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1985-லேயே, ஆண் பெண் என்று பார்த்து விலை வைப்பது அந்த மாநிலச் சட்டப்படி பாகுபாடு என்று சொல்லிவிட்டது. எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. இலவசமாக வரும் கிளாஸுக்கான பணத்தை யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார். பெண்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வரும் ஆண்களிடம் அது வசூலாகிறது. ஒரு பெண் நிம்மதியாக உட்கார்ந்து பேசிவிட்டு வீடு போகும் இடம் வேண்டுமென்றால் வெளிச்சமான கழிப்பறைப் பாதை, கூப்பிட்டால் உடனே வரும் ஊழியர், தொந்தரவு செய்பவரைத் தயங்காமல் வெளியேற்றும் மேலாளர் என்று செலவு செய்ய எவ்வளவோ இருக்கிறது. அந்தப் பணத்தை அங்கே போடட்டும்.

போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டியவன் நான். மேலாளரோ இன்னும் ஒன்று விற்கச் சொல்கிறார். என்ன செய்வது?
_பார்டெண்டர்_

வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். எந்தச் சட்டமாக இருந்தாலும் கடைசியில் அதை நிறைவேற்றுவது களைத்துப்போய் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் உங்களைப் போன்ற ஒருவர்.

மேலாளரிடம் முதலில் சொல்ல வேண்டியது, இது பணப் பிரச்சினையும்கூட என்பதை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், நிதானம் தவறியவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து அவர் வெளியே போய் யாரையாவது இடித்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் பார் மீதே வழக்குப் போடலாம். ஆஸ்திரேலியாவில் பொறுப்போடு மது பரிமாறுவதற்கான பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்காமல் இந்த வேலையில் நீடிக்க முடியாது. உங்கள் ஊரின் உரிம விதியில் போதையில் இருப்பவருக்குப் பரிமாறுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து உள்ளே ஒட்டிவிடுங்கள். வாய்ப்பேச்சில் தோற்றுப்போகும் விஷயம் சுவரில் இருந்தால் நிற்கும்.

அப்புறம் கைப்பழக்கம். "இல்லை" என்று சொல்லும் கட்டம் வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஒரே கதையை இரண்டாம் முறை சொல்கிறார், சில்லறையை எண்ணத் தடுமாறுகிறார், முழங்கை மேஜையிலிருந்து வழுக்குகிறது என்றால் கேட்காமலே தண்ணீர் வையுங்கள், சாப்பிட ஏதாவது நீட்டுங்கள், அடுத்த ஆர்டரைக் கொஞ்சம் தாமதியுங்கள். மற்ற ஊழியர்களுக்கும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் அடுத்த கவுண்டரில் போய் வாங்கிக்கொள்வார். மறுக்க வேண்டி வந்தால் நண்பர்கள் நடுவே வைத்துச் சொல்லாதீர்கள், மானப் பிரச்சினையாகிவிடும். தனியாக, தணிந்த குரலில், "இப்போது ஊற்ற எனக்கு அனுமதி இல்லை சார், வண்டி கூப்பிட்டுத் தரட்டுமா?" என்று கேளுங்கள். நடந்ததை நேரத்தோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் உங்களுக்குத் துணை அந்த நான்கு வரிதான்.

இவ்வளவுக்கும் பிறகு மேலாளர் கேட்கவில்லை, விற்ற கிளாஸை எண்ணித்தான் ஊக்கத்தொகை என்கிறார் என்றால் வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள். உங்களுக்குக் கூலி கொடுக்கிறார் என்பதற்காக உங்கள் மனசாட்சியின் சுமையையும் அவர் தலையில் ஏற்ற முடியாது, அதை நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் இரவு முழுக்கச் சத்தம். எல்லாவற்றையும் பத்து மணிக்கு மூடிவிட்டால் என்ன?
_தூக்கம் இழந்த வாசகர்_

உங்கள் தூக்கம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் சிட்னியில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2014-ல் நகர மையத்திலும் கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் அதிகாலை ஒன்றரைக்கு மேல் யாரையும் புதிதாக உள்ளே விடக் கூடாது, மூன்று மணிக்குக் கடைசி ஆர்டர் என்று விதி போட்டார்கள். அந்தத் தெருக்களில் அடிதடி குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. கூடவே இசைக் கூடங்கள் மூடின, வேலைகள் போயின, சிக்கலில் ஒரு பகுதி பக்கத்துப் பகுதிகளுக்கு நகர்ந்தது. நகர மையத்தில் 2020-லும் கிங்ஸ் கிராஸில் 2021-லும் விதியைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இரவுக்கென்றே ஒரு மேயர் உண்டு. அந்தப் பொறுப்பில் இருப்பவர் பார்காரர், குடியிருப்பவர், நகராட்சி மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பார். நியூயார்க்கும் பின்னர் இரவு வாழ்க்கைக்கென ஓர் அலுவலகம் திறந்தது. நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: பன்னிரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கிற ஒரு அதிகாரி. இங்கிலாந்தின் கட்டடத் திட்ட விதிகளில் 2018-லிருந்து இன்னொன்றும் இருக்கிறது. ஏற்கெனவே இசைக்கூடம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் குடியிருப்பு கட்டுகிறவர்தான் சத்தத் தடுப்புக்கு வழி செய்ய வேண்டும். வீடு முதலில் வந்ததா, பார் முதலில் வந்ததா என்று பாருங்கள், யாரிடம் கேட்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நான் குடிப்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வீடு அல்லது தியேட்டர்தான். இது மாறுமா?
_இருபத்திரண்டு வயது வாசகர்_

மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1939-லிருந்து மக்களிடம் மது குடிப்பதுண்டா என்று கேட்டுவருகிறது. 2025-ல் "குடிப்பதுண்டு" என்றவர்கள் 54 சதவீதம் பேர். இத்தனை வருடங்களில் இவ்வளவு குறைந்ததே இல்லை. மதுவை மட்டும் நம்பியிருந்த இடங்களுக்கு இது நெருக்கடி. விளையாட்டு, நேரடி இசை, நல்ல சாப்பாடு, பின்னிரவு வரை திறந்திருக்கும் காபிக் கடை என்று யோசிப்பவர்களுக்கு நல்ல காலம்.

ஜெர்மனியில் ஒரு பழைய விதி உண்டு, மெனுவில் குறைந்தது ஒரு மதுவில்லாத பானமாவது, அதே அளவுக்கு, ஆக மலிவான மதுவைவிட விலை அதிகமில்லாமல் இருக்க வேண்டும். இது எல்லா நாட்டிலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இன்னொன்று போக்குவரத்து. லண்டனில் 2016-ல் வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயிலை விடிய விடிய ஓட விட்டார்கள். அதில் கொண்டாட வந்தவர்களும் போகலாம், ஷிப்ட் முடிந்த பரிமாறுபவரும் பாத்திரம் கழுவுபவரும் போகலாம். இரவைப் பற்றி எந்த நகரம் திட்டம் போட்டாலும் இந்தக் கடைசி வண்டியை முதலில் எழுத வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நண்பர்களோடு போகும்போது மதுவில்லாத பானங்கள் என்ன இருக்கின்றன என்று கேளுங்கள். சோடாவும் ஜூஸும் தவிர ஒன்றுமில்லை என்றால் அதை மேலாளரிடமே சொல்லிவிட்டு வாருங்கள். நான்கு பேர் இப்படிச் சொன்ன கடையில் அடுத்த மெனு அச்சடிக்கும்போது அது நினைவில் இருக்கும்.