உடாங் காலா குஞ்சு ஏன் தீனிய தொட மாட்டேங்குது?

நிபோங் தெபால்ல எஸ்டேட் ஓரமா வீட்டுக்குப் பின்னால தொட்டி கட்டி உடாங் காலா, அதான் பெரிய நன்னீர் இறால், குஞ்சு வளர்க்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: முட்டைய அவிச்சு மாவா பொடிச்சு நாலு வேளை போடுறேன், எல்லாம் அடியில படிஞ்சிடுது, ஒரு வாரத்துல பாதி செத்துப் போச்சு, இதுங்களுக்கு என்னதான் பிடிக்கும்னு.

தம்பி, பிடிக்குதா இல்லையாங்கறது அப்புறம்தான். இந்த லார்வா, அதாவது பொரிச்ச குஞ்சு, ஆரம்ப நாள்ல தீனியத் தேடிப் போகாது. தலைகீழா கிடந்து வால் முன்னால போக நீந்திக்கிட்டே இருக்கும், வழியில மேல வந்து இடிக்கிறத காலால புடிச்சுக்கும், புடிச்சதுக்கு அப்புறம்தான் வாய்கிட்ட கொண்டுபோய் ருசி பார்க்கும், சரியில்லன்னா விட்டுடும். அடியில கிடக்குற முட்டை அதுக்கு இல்லாத மாதிரிதான், அழுகி அம்மோனியா ஆகி குஞ்சையே கொன்னுடும்.

ஒரு கிளாஸ்ல கொஞ்சம் அள்ளி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆர்ட்டிமியா (முட்டையா வாங்கி உப்புத் தண்ணில பொரிக்கிற குட்டி உயிரு) தின்ன குஞ்சோட உடம்புக்குள்ள ஆரஞ்சு கலர்ல தெரியும், பட்டினி கிடக்குறது வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும்.

பொரிச்ச மொத நாள் தீனியே வேணாம், குஞ்சு உடம்புலயே இருக்குற மஞ்சக்கரு போதும். ரெண்டாம் நாள்லேர்ந்து அப்பப்ப பொரிச்ச ஆர்ட்டிமியா போடுங்க, அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுவே துள்ளித் துள்ளி வந்து குஞ்சு மேல இடிக்கும்லா, அதனாலதான் அது வேலை செய்யுது. ஒரு நாள் வச்சிருந்து போடாதீங்க, அதுக்குள்ள சத்து குறைஞ்சு சைஸ் பெருசாயிடும். முட்டைய மொத வாரம் விட்டுடுங்க. அப்புறம் முட்டையோட சோத்தோங் (கணவாய்) அரைச்சுச் சேர்த்து அவிச்சு, சல்லடையில தேய்ச்சு, தண்ணி ஊத்தி பால் மாதிரி வர்றத கழுவி விட்டுட்டு மிச்சத்த மட்டும் போடணும். சின்னக் குஞ்சுக்கு துணுக்கு 0.3 மில்லிமீட்டர் இருக்கணும், வளர வளர 1 மில்லிமீட்டர் வரைக்கும். முட்டைய பகல்ல, ஆர்ட்டிமியாவ சாயங்காலம் போட்டா ராத்திரி முழுக்க தீனி மிதந்துக்கிட்டு இருக்கும். காத்து பம்ப் மட்டும் நிக்கவே கூடாது.

பாசி வளர்ந்த பச்சைத் தண்ணி விடலாமான்னும் கேட்டிருக்கீங்க. கடல்ல வளர்ற டைகர் இறால் லார்வா ஆரம்பத்துல பாசிய வடிகட்டித் தின்னும், காலாவுக்கு அந்தப் பழக்கம் இல்ல, பாசிய நம்பினா பட்டினிதான்.

உப்பு 12 பிபிடி (ஆயிரத்துக்கு 12 பங்கு) இருக்கான்னும் பாருங்க, உப்பு கலந்த தண்ணி இல்லாம இந்த லார்வா பிழைக்காதுன்னு 1960கள் ஆரம்பத்துல கண்டுபிடிச்சதே உங்க பினாங்குலதான், ஷாவ் வென் லிங்னு ஒரு மீன்வள விஞ்ஞானி. இன்னிக்கே அடியில கிடக்குறத டியூப் வச்சு உறிஞ்சி எடுத்துட்டு, நாளைக்குக் காலையில மறுபடி கிளாஸ்ல அள்ளி அந்த ஆரஞ்சு கலர் தெரியுதான்னு பாருங்க.