ஒரே நோயாளியிடம் கண் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும்: தொடர்பை அறிய எந்தச் சோதனை?

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாகப் பணியாற்றும் நீங்கள், நீரிழிவு நோயாளிகள் 40 பேரிடம் விழித்திரைப் பாதிப்புக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க விரும்புவதாகவும், இரண்டும் ஒரே ஆளிடம் பதிவானவை என்பதால் மக்னிமார் சோதனைதான் சரி என்று உடன் பணிபுரிபவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்த்துத் தருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கேள்விக்கு அது பொருந்தாது.

இரண்டு பாதிப்பும் உள்ளவர்கள் 8 பேர், கண்ணில் மட்டும் 6, சிறுநீரகத்தில் மட்டும் 4, எதுவும் இல்லாதவர்கள் 22 என்று வைத்துக்கொள்வோம். மக்னிமார் சோதனை அந்த 6-ஐயும் 4-ஐயும் மட்டுமே ஒப்பிடும். கண் பாதிப்பு 14 பேருக்கு, சிறுநீரகப் பாதிப்பு 12 பேருக்கு என்ற இரு அளவுகளும் வேறுபடுகின்றனவா என்பதற்குத்தான் அது விடை சொல்லும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே அறிகுறியைப் பதிவு செய்யும் ஆய்வுக்கு அது அருமையான கருவி. ஆனால் ஒரு பாதிப்பு உள்ளவருக்கு மற்றதும் இருக்கும் வாய்ப்பு கூடுதலா என்று கேட்டால் இந்த நான்கு எண்களும், அதாவது அட்டவணையின் நான்கு கட்டங்களும், கணக்கில் வரவேண்டும். அதற்குரியவை கை-வர்க்கச் (chi-square) சோதனையும், எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது கைகொடுக்கும் ஃபிஷரின் துல்லியச் சோதனையும்.

இவ்விரண்டில் எது என்பதில், 4 என்ற சிறிய எண்ணைக் கண்டதுமே பலர் ஃபிஷர் பக்கம் போய்விடுகிறார்கள். பார்க்கவேண்டியது பதிவான எண்ணை அல்ல, தொடர்பே இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை. 4 பேர் உள்ள கட்டத்தில் அது 26 × 12 ÷ 40, அதாவது 7.8, அங்கே சிக்கல் இல்லை. 8 பேர் உள்ள கட்டத்தில்தான் அது 14 × 12 ÷ 40, அதாவது 4.2 ஆகிறது. இப்படி எதிர்பார்க்கும் எண் 5-க்குக் குறைந்தால் கை-வர்க்கச் சோதனையை நம்பக்கூடாது என்பது ஒரு நடைமுறை விதிதான் என்றாலும், இங்கே அதற்குக் கீழே இறங்குவதால் நான் ஃபிஷர் சோதனையையே எடுப்பேன்.

தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடக் கூடுதலோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்வது பி மதிப்பு; அதோடு நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்த அளவு, கண் பாதிப்பு உள்ளவர்களிடம் மற்றவர்களைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் ஆட்ஸ் ரேஷியோ (odds ratio); அது இங்கே (8 × 22) ÷ (6 × 4), ஏறத்தாழ 7.3. அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பையும், சேர்த்து எழுதுங்கள். 40 பேரில் அது மிக அகலமாகத்தான் இருக்கும், அதை வாசகர் அறியவேண்டும். நீரிழிவு வந்து எத்தனை ஆண்டுகள் என்பது இரண்டு பாதிப்புகளையும் கூட்டக்கூடியது என்பதால், அந்தத் தகவலையும் இப்போதே திரட்டி வையுங்கள்.

இன்னொன்று: வலக் கண், இடக் கண் என்று பிரித்து 80 பதிவுகளாக ஆக்கிவிடாதீர்கள். ஒருவரின் இரு கண்களும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. கூடுதலாகப் பாதிக்கப்பட்ட கண்ணின் நிலையை அவருக்குரிய பதிவாகக் கொண்டு, ஆளுக்கு ஒரு வரியாகவே அட்டவணையை அமையுங்கள்.