மலைவாசிகளுக்கு எந்த ப்ளூடூத் ஸ்பீக்கர்? கேள்வி பதில்

குன்னூரில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பது என் தொழில். எங்கள் பாட்டு ரசிகர் வட்டத்தில் ஸ்பீக்கர் வாங்குவது பற்றி ஆளாளுக்கு ஒரு சந்தேகம் இருந்ததால், எல்லாரும் கேளுங்கள், சேர்த்துப் பதில் சொல்கிறேன் என்றேன். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் கீழே. மாடல் பெயர் எதையும் சொல்லவில்லை. கடையில் மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே வைத்து, என்ன கேட்கப் போகிறீர்கள் என்று சொன்னால் அதற்கேற்பச் சொல்ல முடியும்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியை: காலையில் பக்திப் பாடல், அப்புறம் செய்தி, சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்பேன். மகன் 80 வாட் ஸ்பீக்கர் வாங்கித் தருகிறேன் என்கிறான். அவ்வளவு வேண்டுமா?

வேண்டாம் அம்மா. கை எட்டும் தூரத்தில் வைத்துக் கேட்பதற்கு 5 முதல் 10 வாட் தாராளம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). காதுக்கு அது கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 80 என்ற எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது பேச்சுத் தெளிவு. ச, த, ப போன்ற எழுத்துகளைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியில். பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வொலியை, தூக்கிக் கொடுக்கும் ஸ்பீக்கரில் அந்தப் பகுதி அமுங்கிப்போகும். செய்தி வாசிப்பவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். கடையில் அவர்கள் போடும் குத்துப்பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் போனில் ஒரு செய்தி அறிக்கையைப் போட்டு, சத்தத்தைக் கால்வாசிக்குக் குறைத்துக் கேளுங்கள். வார்த்தை வார்த்தையாகப் புரிந்தால் அதை வாங்கலாம். ஈரக் கையால் தடவியே கண்டுபிடிக்கிற மாதிரி மேடான பொத்தான்கள் இருக்கட்டும். தொடுதிரைப் பொத்தான் சமையலறைக்குச் சரிவராது.

குன்னூர்: பழைய கல் பங்களா. போன் ஹாலில் இருந்தால் படுக்கையறை ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டு வருகிறது. ப்ளூடூத் 5.3 இருந்தால் சரியாகுமா?

பெரிதாக மாறாது. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். சாதாரண ஸ்பீக்கருக்குத் திறந்த இடத்தில் 10 மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றரை அடிக் கல் சுவர் வந்தால், அதுவும் மழையில் ஊறிய சுவராக இருந்தால், அந்தக் கணக்கு நிற்காது. அட்டையில் போட்டிருக்கும் 5.3 என்பதால் சுவர் மெலிந்துவிடப் போவதில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது ஒன்று. இல்லையென்றால் வைஃபை ஸ்பீக்கர். வைஃபை ஸ்பீக்கர் ரவுட்டரிலிருந்து பாட்டை நேரடியாக எடுத்துக்கொள்ளும். போன் எந்த அறையில் இருந்தாலும் கவலையில்லை, அழைப்பு வந்தாலும் பாட்டு அறுபடாது. ஆனால் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கல் சுவரில் இன்னும் வேகமாகத் தேயும், ஸ்பீக்கரை 2.4-இல் இணையுங்கள். இன்னொன்று: நம் ஊரில் காற்று மழை வந்தால் கரண்ட் போய்விடும். ரவுட்டர் அணைந்தால் வைஃபை ஸ்பீக்கரும் ஊமை. பேட்டரி உள்ளதாக, ப்ளூடூத்தும் சேர்ந்ததாக வாங்குங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் இன்னும் நல்லது.

பூம்பாறை, தங்கும் விடுதி நடத்துபவர்: ஐபிஎக்ஸ்7 போட்ட ஸ்பீக்கர்தான் வாங்கினேன். விருந்தினர்கள் வராந்தாவிலேயே வைத்துவிடுவார்கள். ஒரு வருடத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. தண்ணீரில் விழவே இல்லையே?

என் மேசைக்கு மிக அதிகமாக வருவது இந்தக் கோளாறுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் நல்ல தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். எக்ஸ் இருக்கும் இடம் தூசிக்கானது, அந்தச் சோதனை செய்யவில்லை என்று அர்த்தம். ஐபி67 என்றால் தூசியும் புகாது. இரண்டுமே புது ஸ்பீக்கரை வைத்துச் செய்யும் சோதனை. மாதக்கணக்கில் மூடுபனியில் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கரின் நிலை வேறு.

உங்கள் ஸ்பீக்கரின் சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் நாக்கு போல இருக்கும் பகுதியின் இரண்டு பக்கமும் மெல்லிய தங்க நிறக் கம்பிகள் வரிசையாக இருக்க வேண்டும். அவற்றில் ஓரிரண்டு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் விஷயம் அதுதான். ராத்திரி முழுக்க வெளியே குளிர்ந்த ஸ்பீக்கரை, ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டு வந்தால் அதன் மேல் ஈரம் படியும். துளைக்குள்ளும் படியும். அந்த ஈரத்தோடு சார்ஜர் செருகினால், மின்சாரம் பாயும் கம்பிதான் முதலில் அரிக்கும். பல மாடல்களில் துளைக்கு ரப்பர் மூடியே கிடையாது.

செய்ய வேண்டியது எளிது. உள்ளே கொண்டு வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள்; ஒரு மணி நேரமாவது ஈரம் காயவிட்டு, துளையைக் கீழ்நோக்கித் தட்டிவிட்டு அப்புறம் செருகுங்கள். ராத்திரியில் வராந்தாவில் விடாதீர்கள். துணி உறை போட்ட ஸ்பீக்கர் என்றால் அதில் பூஞ்சணமும் பிடிக்கும். விடுதிக்கு ரப்பர் அல்லது கம்பி வலை முகப்புள்ளதாக, மூடியுள்ள துளை கொண்டதாக வாங்குங்கள். பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். சார்ஜ் துளையை மட்டும் மாற்றித் தரும் ஆட்கள் வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் கிடைப்பார்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைச் செருகவே கூடாது.

ஊட்டி பக்கம் ஒரு ஹட்டி (படகர் கிராமம்): விசேஷங்களில் எல்லாரும் வட்டமாக நின்று ஆடுவோம். திறந்தவெளி. 100 வாட் ஸ்பீக்கர் ஒன்று போதுமா?

வீட்டுக்குள் கேட்கும்போது சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் தரும். வெளியில் அந்த உதவி இல்லை. தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் போய்விடும். ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டரில் காதைப் பிளக்கும் பாட்டு, 16 மீட்டரில் 18 டெசிபல் குறைந்திருக்கும். அதிலும் முதலில் காணாமல் போவது பேஸ். ஆடுபவர்களுக்கு அடியெடுத்து வைக்க அதுதானே வேண்டும்?

அதனால் கையில் தூக்கிப் போகும் உருளை ஸ்பீக்கர் எவ்வளவு விலை என்றாலும் இதற்கு ஆகாது. 6.5 அங்குலம் அல்லது அதற்கு மேல் ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கோன்) உள்ள, கரண்டில் ஓடும் பார்ட்டி ஸ்பீக்கர் பாருங்கள். பெரியதாக ஒன்றைவிட நடுத்தரமாக இரண்டு வாங்கி வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கம் வையுங்கள். ஒரு பக்கம் காது வலியும் மறுபக்கம் ஒன்றும் கேட்காததும் தீரும். தரையில் வைத்தால் முன்னால் நிற்பவர்களின் உடம்பே பாடகர் குரலைத் தடுத்துவிடும். ஸ்டாண்டில் தலை உயரத்துக்கு ஏற்றுங்கள். இரண்டையும் ப்ளூடூத்தில் இணைக்கும் வசதி இருந்தாலும், முடிந்தால் ஒயர் போட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவே ப்ளூடூத் தடுமாறும். மைக் செருக 6.3 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள், பெரியவர்கள் நான்கு வார்த்தை பேசுவார்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில். பள்ளத்தாக்கில் சத்தம் எதிர்ப்பக்கம் வரை போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

தாண்டிக்குடி, காப்பித் தோட்டம்: கோடை பண்பலை கேட்கத்தான் ஸ்பீக்கர். ஒரு அறையில் தெளிவாக வருகிறது, அடுத்த அறையில் இரைச்சல்.

எஃப்எம் அலை நேர்க்கோட்டில் போவது. 100.5-இல் வரும் கோடை பண்பலை கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பாவதால் கீழே மதுரை, திண்டுக்கல், தேனி வரை சுகமாகக் கேட்கிறது. அதே மலையின் மடிப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு முகடு மறைத்துவிடும். கொடைக்கானலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

எஃப்எம் உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இழுக்கிற ஏரியல் இருக்காது. சார்ஜ் ஒயரையோ ஆக்ஸ் ஒயரையோ (போனிலிருந்து பாட்டை நேரடியாகக் கொண்டு வரும் ஒயர்) செருகினால் அதுவே ஏரியல். ஒயரை நீட்டிப் போடுங்கள். மலிவான சார்ஜரும் எல்இடி பல்பும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் கூடும். ரேடியோதான் முக்கியம் என்றால், இழுக்கிற ஏரியல் உள்ள ரேடியோவில் ப்ளூடூத்தும் இருக்கிற மாதிரி வாங்குங்கள். உங்களுக்கு அதுதான் சரியான பொருள்.

குன்னூர், ஐடி வேலை: ஐபோன் வைத்திருக்கிறேன். எல்டிஏசி உள்ள ஸ்பீக்கருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. எல்டிஏசி, ஏஏசி இரண்டும் ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள். ஐபோன் எல்டிஏசி அனுப்பாது, ஏஏசிதான். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், உண்மைதான். ஆனால் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் கேட்காது. அந்தப் பணத்தில் ஒரு அளவு பெரிய ஸ்பீக்கர் வாங்குங்கள், உடனே கேட்கும்.

கொடைக்கானல்: மகள் கீபோர்டு கற்கிறாள். ப்ளூடூத்தில் இணைத்தால் கட்டையை அழுத்திய பிறகுதான் சத்தம் வருகிறது. பழுதா?

பழுது இல்லை. ப்ளூடூத்தில் 100 முதல் 200 மில்லிவினாடி தாமதம் சாதாரணம். பாட்டு கேட்கும்போது அது தெரியாது, வாசிக்கிறவருக்குத் தாளமே கலைந்துவிடும். குழந்தை அந்தத் தாமதத்துக்கு விரலைப் பழக்கிக்கொள்ளும் முன் ஆக்ஸ் ஒயர் போட்டுவிடுங்கள். ஆக்ஸ் துளை இல்லாத ஸ்பீக்கர்கள் இப்போது அதிகம், பார்த்து வாங்குங்கள்.

ஊட்டி: ஜனவரியில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.

குளிரில் லித்தியம் பேட்டரி குறைவாகத்தான் கொடுக்கும், வெயில் வந்தால் மீளும். ஆனால் உறைபனி விழும் அதிகாலையில், சில்லிட்ட ஸ்பீக்கரை அப்படியே சார்ஜ் போட வேண்டாம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். அட்டையில் 20 மணி நேரம் என்று போட்டிருப்பது பாதிச் சத்தத்துக்கான கணக்கு. முழுச் சத்தத்தில் அதில் பாதிகூட வராது.

கூடலூர்: நண்பர்களோடு காட்டுப் பக்கம் போகும்போது எடுத்துப் போக எது நல்லது?

எதுவும் வேண்டாம். காட்டுக்குள் பாட்டு வைக்க வனத்துறை விடாது, விடவும் கூடாது. மூங்கில் ஒடிகிற சத்தம் காதில் விழுந்தால்தான் யானை இருப்பது உங்களுக்குத் தெரியும்.

கோத்தகிரி: 6,000 ரூபாய் இருக்கிறது. ஒரு நல்ல ஸ்பீக்கரா, 3,000-இல் இரண்டா? சாயங்காலம் உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்பேன்.

உட்கார்ந்து கேட்பவர் என்றால் இரண்டு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒற்றை ஸ்பீக்கரில் இடமும் வலமும் ஒரே பெட்டிக்குள் நசுங்கிவிடும். 80-களின் பாடல்களில் வயலின்கள் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமும் நிற்கும், நடுவில் குரல். இரண்டு வைத்தால்தான் அது விரியும். ஒரே மாடலாக, ஸ்டீரியோ ஜோடியாக இணையும் வசதி உள்ளதாக இருக்க வேண்டும்; சிலவற்றில் இரண்டும் ஒரே ஒலியையே தரும், கடையிலேயே சோதித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு அடி, நீங்களும் அதே தூரத்தில், காது உயரத்தில். பேஸ் போதவில்லை என்றால் சுவரை ஒட்டித் தள்ளுங்கள், கூடும். மூலையில் மட்டும் வைக்காதீர்கள், குமுறும். தகரக் கூரை வீடு என்றால் மழை நேரத்துக்காகக் கொஞ்சம் சத்தம் மிச்சம் வைத்திருக்கிற மாடலாகப் பாருங்கள்.